பன்னிரண்டு படங்களின் முதுகு

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் துணி காயாது, ஐயா. நீங்கள் மட்டக்களப்புக்காரர் என்று கான்ஸ்டபிள் சொன்னார். உங்கள் ஊரில் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும். கந்தப்பளைக்கு மேலே அப்படி இல்லை. காலையில் போட்டதை மாலையில் எடுத்தால் போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கும். அதனால் துரை பங்களாக்களில் துணி காய வைப்பதற்கென்றே ஓர் அறை உண்டு. நடுவில் கரிச்சட்டியை வைத்து, அதன்மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் துணியை விரிப்போம். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கருகிவிடும்.

இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது. அதனால்தான் முதலில் சொன்னேன்.

என் பெயர் செல்லசாமி. வயது நாற்பத்தொன்பது. பதினெட்டு வருடமாக அந்தப் பங்களாவில் அப்பு. சமையல், மேசை, சாமான் அறைச் சாவி, மற்ற வேலைக்காரர்களை மேய்ப்பது எல்லாம் என் பொறுப்பு. நீங்கள் வாயால் சொல்லச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். கொப்பியும் பென்சிலும் கொடுத்தீர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பங்களாவில் துணி துவைக்கிற வேலாயி செத்தது விபத்து என்று மரண விசாரணையில் தீர்ந்துவிட்டது. நானாகத்தான் பஸ் ஏறி வந்தேன். செய்ததைப் பயத்தினால் செய்தேன். அதை எழுதிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

மேசைச் சாமான் வைக்கிற பேண்ட்ரியிலிருந்து சமைக்கிற குசினிக்குப் போக ஒரு நீள நடை இருக்கிறது. துரையோ விருந்தாளிகளோ அந்தப் பக்கம் வருவதில்லை, வேலைக்காரர்கள் மட்டும்தான். அந்த நடையில்தான் துரைசானி பன்னிரண்டு படங்களை மாட்டினார். காலியில் பழைய ஒல்லாந்தர் வீடு ஒன்று ஏலம் போனபோது வாங்கியவை. முந்நூறு வருடத்துக்கு முன்னால் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தவையாம். வர்ணம் கிடையாது, எல்லாம் கறுப்புக் கோடு. அடியில் ஒல்லாந்துப் பாஷையில் நாலு வரி.

ஒவ்வொரு படத்திலும் ஒரு வேலைக்காரன் இருப்பான். உப்பிய காற்சட்டை, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி. ஒருவன் இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு வாசலில் விளக்கேந்தி நிற்கிறான், எசமான் வரும்வரை இடத்தை விட்டு நகராத நல்ல வேலைக்காரன். இன்னொருவன் எசமானின் கூசாவிலிருந்து திருட்டுத்தனமாகக் குடிக்கிறான், மேலே மேகத்துக்கு நடுவில் ஒரு கண். முகம் இல்லை, கண் மட்டும். இன்னொருவன் வெள்ளிக் கிண்ணத்தைச் சட்டைக்குள் ஒளிக்கிறான், மேகத்திலிருந்து வாளோடு ஒரு கை நீண்டு வருகிறது. இன்னொருவனுக்கு உதட்டில் பூட்டு.

வெள்ளைக்காரன் வேலைக்காரனாக நிற்பதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். பங்களாவில் பூச்செடி பார்க்கிற அழகன் விளக்குக்காரனைக் காட்டி, “அட, இவங்கள்லயும் அப்பு இருந்திருக்கான் பாருங்க. மூஞ்சி நம்ம செல்லசாமி அண்ணன் மாதிரியே இல்ல?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். துரைசானி தலையைக் குனிந்து கைக்குட்டையைத் தேடினார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அது முதல் ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டு மேசையை ஒதுக்கிய பிறகு எங்களை நடையில் வரிசையாக நிறுத்துவார். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு படம். அவர் இங்கிலீஷில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். துரைக்குத் தமிழ் தெரியும், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஏசுகிற அளவுக்கு. துரைசானிக்குத் தெரியாது என்றுதான் தோட்டம் முழுக்க நினைத்தது. பங்களாவுக்கு வந்து ஒன்பது வருடத்தில் ‘அப்பு’, ‘ஆயா’, ‘சுடுதண்ணி’ தவிர அவர் வாயில் வேறு தமிழ் வந்ததில்லை.

நான் முதலில் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். பிறகு அந்தக் கண் வந்தது.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் அந்த நடையில் தட்டேந்திப் போகிறவன். போகும்போது அது முகத்தைப் பார்க்கும், வரும்போது முதுகைப் பார்க்கும். நான் விபூதி பூசுகிறவன். ஆனாலும் அது எந்தச் சாமியின் கண் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பயந்தேன், ஐயா. அதுவரை சீனி, போத்தலின் அடியில் மிஞ்சுவது என்று சில்லறையாக எடுத்துக்கொள்வேன், எல்லா அப்புமாரும் செய்வதுதான். அத்தனையையும் விட்டேன். பயம் மட்டும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் வெளிறிப்போய் நின்றார்கள். அவர்கள் பயந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் ஒரு பிடி குறைந்தது. அதனால் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். இந்தப் பங்களாவில் அந்தக் கண் அப்புவின் கண், அப்பு பார்த்தால் சாமி பார்த்த மாதிரி, அப்புவின்மேல் கோள் சொல்கிறவன் தலையில் அந்தக் கை இறங்கும் என்று. துரைசானி தலையசைத்தார். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அதனால் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை, நல்லதுதான் நடந்தது. பால் குறையவில்லை, தட்டு உடையவில்லை. தாங்கள் செய்த சின்னத் தப்பை அவர்களே என்னிடம் வந்து சொல்லிவிட்டு, தலையில் கை இறங்காமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுப் போனார்கள். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்பேன்.

வைகாசியில் கடுகுக் கிண்ணத்தின் வெள்ளிக் கரண்டி காணாமல் போனது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், துரைசானியின் அம்மா கொடுத்தது. அதைத் தொலைத்தவன் நான். எச்சில் தட்டுகளை வழிக்கும்போது குப்பையோடு போயிருக்க வேண்டும். தேடினேன், கிடைக்கவில்லை. துரைசானி எங்களைப் பேண்ட்ரியில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்டார். அன்று காலை பூச்சாடியோடு வாசல்வரை வந்தவன் அழகன். நான் கேள்வியைத் தமிழில் அவனிடம் கேட்டேன்.

“சாமி சத்தியமா நான் எடுக்கலைங்க துரைசானி. இந்தப் பேண்ட்ரிக்குள்ள நான் காலே வச்சதில்லைங்க,” என்றான்.

அவன்தான் எடுத்ததாகவும், ராகலையில் விற்றுவிட்டதாகவும், மன்னிப்புக் கேட்பதாகவும் நான் இங்கிலீஷில் சொன்னேன். துரைசானி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழகனைப் பார்த்தார். அவன் போகலாம் என்றார். மறுநாள் தோட்டத்து வேலைக் கணக்கில் அவன் பேர் வெட்டியாகிவிட்டது. பேர் வெட்டினால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. அழகனும் பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போனதாகக் கேள்வி. நான் இங்கிலீஷில் சொன்னது விளங்காததால், துரைசானிதான் தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருப்பான். எனக்கு வருத்தம்தான். ஆனால் வேலை போனால் அவன் எங்கேயாவது மண்வெட்டி பிடிப்பான். எனக்கு அது வராது.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு ஏழு வருடம், பதில் இல்லை. துரை எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றுதான் எனக்கு ஆதாரம். கள்ளன், பொய்யன் என்று அந்தப் பங்களாவை விட்டு இறங்கினால் எந்தத் துரையும் சேர்க்கமாட்டார். பிறகு கப்பல்தான். இந்தியாவில் எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. அப்பாவின் ஊர்ப் பெயரே சரியாக வாயில் வராது.

வேலாயி இந்த வருடம் தை மாதம்தான் பங்களாவுக்கு வந்தாள். விதவை. முப்பத்தைந்து வயது இருக்கும். மகளை ராகலையில் கட்டிக் கொடுத்திருந்தாள். அதற்கு முன் நுவரெலியாவில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் ஆயாவாக இருந்தவள், அவர்கள் சீமைக்குப் போனதும் இங்கே வந்தாள். அதிகம் பேசமாட்டாள். துவைப்பு, துணி, காய் நறுக்குவது, குப்பை கொட்டுவது அவள் வேலை. அழகன் போன பிறகு குப்பைக் குழியைக் கிளறி ரோஜாவுக்கு உரம் போடுவதும் அவள் தலையில் விழுந்தது.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை. குசினியில் போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவள், “அப்பு, ஒண்ணு கேக்கணுங்க,” என்றாள்.

கேள் என்றேன்.

“ஞாயித்துக்கெழம துரைசானி சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணா இருக்குங்களே.”

“ஒனக்கு என்ன தெரியும்?”

“பத்து வருசம் வெள்ளக்காரப் புள்ளைங்கள வளத்தேங்க. அது பேசறது புரியாமப் போகுமா? சாமி கண்ணு எல்லாரையும் பாக்குதுன்னுதான் சொன்னாங்க. நீங்கதான் அந்தக் கண்ணுன்னு அவங்க சொல்லலைங்க.”

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். கரண்டி. குழியில் கிடைத்தது என்றாள். கழுவி வைத்திருந்தாள்.

“அழகன் எடுக்கலைன்னுதான் சொன்னான். நானும் அங்கதானே நின்னேன். நீங்களே துரைசானிகிட்ட சொல்லிருங்க அப்பு. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். இல்லாட்டி நான் சொல்லிருவேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் படத்துல வாயில பூட்டுப் போட்டவன் இருக்கானே, அவனத் தாண்டிப் போகவே முடியலைங்க.”

அவள் என்னை மிரட்டவில்லை. எனக்காக வருத்தப்படுகிறவள் மாதிரிதான் பேசினாள். மூன்று நாள் தவணை கொடுத்தாள். அடுத்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. சூப்பை ஊற்றும்போது மேசை விரிப்பில் சிந்தினேன், பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. பயம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

இப்போது அந்த அறையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நடையில், படங்களுக்கு எதிர்ச்சுவரில் அதன் கதவு. உள்ளே பின்கட்டைப் பார்த்து ஒரே ஒரு தூக்குச் சன்னல். அந்தச் சன்னல் ஒரு சாண் திறந்தபடி நிற்க, தேயிலைப் பெட்டிப் பலகையில் வெட்டிய கட்டை ஒன்றைக் கீழே செருகியிருக்கும். போன வருடம் துரைசானியின் மஞ்சள் குருவிகள் இரண்டைக் குளிருக்காக அந்த அறையில் கூண்டோடு வைத்துச் சன்னலைச் சாத்திவிட்டோம். காலையில் இரண்டும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்து, மூடின அறையில் கரி எரிந்தால் மணமில்லாத ஒரு நஞ்சு வரும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், ஆளையே கொன்றுவிடும் என்று விளக்கினார். அன்று முதல் கட்டையைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று துரை சொன்னார். வேலாயி வந்தது குருவிகள் செத்த பிறகு. அந்தக் கட்டை எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விருந்தாளிகள் வருவதாக இருந்தது. துரையும் துரைசானியும் அவர்களைக் கூட்டிவர ஒரு மணிக்கு நானுஓயா ஸ்டேஷனுக்குக் காரில் புறப்பட்டார்கள். கட்டில் விரிப்புகள் எல்லாம் ஈரம். ஐந்து மணிக்குள் காய வேண்டும். நான் இரண்டு கரிச்சட்டி மூட்டிக் கொடுத்தேன். வழக்கமாக ஒன்றுதான். துரைசானி வந்து பார்க்கும்வரை வெளியே வராதே, விளக்குக்காரன் படம் ஞாபகம் இருக்கிறதல்லவா என்றேன். போன ஞாயிறு அந்தப் படம்தான். எசமான் வருமுன் இடத்தை விட்டுப் போகிற வேலைக்காரனை எசமான் இரண்டாக வெட்டிப் போடுவார் என்று துரைசானியே சொன்னார். அதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

“ஞாபகம் இருக்குங்க. அது அவங்களே சொன்னது, நான் கேட்டேன்,” என்றாள் வேலாயி. உட்கார்ந்து, விரிப்பைக் கூடைமேல் இழுத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு நான் பின்கட்டுக்குப் போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பனி உள்ளே போனால் விரிப்பு ஈரமாகும். கட்டையை எடுத்தேன். சன்னல் சத்தமில்லாமல் இறங்கியது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

கதவைப் பூட்டவில்லை. இதை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளலாம். கதவுக்குத் தாழ்கூடப் போடவில்லை. தள்ளினால் திறக்கும்.

பிறகு நடைக்கு வந்து படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விசாரணையிலும் இதைத்தான் சொன்னேன். ஒருமுறை அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “அப்பு, தல வலிக்குதுங்க. கொஞ்சம் வெளிய வரட்டுங்களா?” வண்டி வந்ததும் கூப்பிடுகிறேன், இரு என்றேன். சரிங்க என்றாள்.

நாலரை மணிக்குப் பின்கட்டால் போய்ச் சன்னலைத் தூக்கிக் கட்டையைச் செருகினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து தூங்குகிறவள் மாதிரி இருந்தாள், முகம் நன்றாகச் சிவந்திருந்தது. ஒரு விரிப்புத்தான் ஓரத்தில் கருகியிருந்தது. முந்தானையிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டேன். ஐந்து மணிக்குக் கார் வந்தது. டிஸ்பென்சர் ஐயா சன்னலைப் பார்த்தார், கட்டை இருந்தது. இரண்டு சட்டியைப் பார்த்து, பாவம், விவரம் தெரியாமல் இரண்டை வைத்துவிட்டாள் என்றார். ராகலையிலிருந்து மகள் வந்து அழுதாள். நானும் அழுதேன், அது பொய்யில்லை.

கரண்டியைக் கடுகுக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். மறுநாள் மத்தியானம் துரைசானி அதைக் கையில் எடுத்து, ஒருமுறை திருப்பிப் பார்த்து, கடுகு எடுத்துப் போட்டுக்கொண்டார். விருந்தாளிகளோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு எங்களை நடையில் நிறுத்தினார். மறுபடியும் விளக்குக்காரன் படம். வேலாயியைப் பற்றிச் சொன்னார். எசமான் வரும்வரை இடத்தை விட்டு நகராத வேலைக்காரி, அவளை எல்லோரும் முன்மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். குசினி ஆட்கள் விம்மினார்கள். கலைந்து போன பிறகு துரைசானி மட்டும் நின்றார். என்னைப் பார்த்து, அச்சு அசலாக லயத்துத் தமிழில், மெதுவாகச் சொன்னார்.

“இன்னைக்கு நீ ஒண்ணும் சேக்கலியே, அப்பு.”

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவராம். ஏழு வயதுவரை தமிழ் ஆயாதான் வளர்த்தாளாம். அதையும் தமிழிலேயே சொன்னார். சொல்லிவிட்டுத் தோட்டத்து ரோஜாவைப் பார்க்கப் போய்விட்டார்.

இதுதான் நடந்தது, ஐயா. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சேர்த்துச் சொன்னதும், அழகன் சொன்னதும். வேலாயி போய்ச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது மட்டும் எனக்கு முன்னால் தெரிந்திருந்தால் அந்தச் சன்னலை ஓடிப்போய்த் திறந்திருப்பேன். தெரியாமல், பயந்துபோய்ச் செய்துவிட்டேன். இப்போது அந்தப் பங்களாவில் என்னால் இருக்க முடியவில்லை. துரைசானி என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் சாமான் அறைக்குள் போய் நின்றுகொள்கிறேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

இதோடு நேற்று முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் படித்துவிட்டுப் பங்களாவுக்குப் போய் வந்தீர்களாம். இன்று காலை கொப்பியைத் திருப்பிக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். மூன்றாவது படமும் நாலாவது படமும் இடம் மாறித் தொங்குகின்றனவே, அந்தப் படங்களின் முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று.

தெரியும்.

துடைத்தேன் என்று எழுதினேன். தூசி இல்லை, காலையிலேயே துடைத்தாகிவிட்டது. கட்டையை எடுத்துவிட்டு நடைக்கு வந்ததும் அந்தக் கண்ணுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. அதனால் அந்தப் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன். முதுகில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. துரைசானியின் எழுத்து. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவது போல உருண்டை உருண்டையான தமிழ். அந்தப் படத்துக்கு நான் சொன்னது முழுவதும் அதில் இருந்தது. நான் சேர்த்த இடங்களுக்கெல்லாம் அடியில் சிவப்புக் கோடு. கடைசியில், ‘வெரி குட்’.

அப்போது மணி இரண்டேகால் ஆகவில்லை. வேலாயி உள்ளே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். துரைசானிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, வேலாயி போய்ச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. மூன்று நாளாகப் பிடித்திருந்த பயம் காய்ச்சல் இறங்குவது போல இறங்கியது. பின்கட்டுக்கு இருபது அடி, கட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது.

போகத்தான் நினைத்தேன். ஆனால் மற்றப் படங்களில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் நன்றாகச் செய்தாய் என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை, ஐயா. அடுத்த படத்தைக் கழற்றினேன். வாள் பிடித்த கையின் முதுகில் அழகனைப் பற்றி எழுதியிருந்தது. ‘எடுக்கலை என்கிறான். அப்பு எடுத்தான் என்கிறான். போகட்டும். மற்றவர்களுக்குப் பயம் இருக்கும்.’ அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் தலை வலிக்கிறது என்று கூப்பிட்டாள். கையெழுத்துப் படிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தேன்.

அவள் ஒருமுறை கூப்பிட்டாள் என்று எழுதியது தவறு. இரண்டு முறை. எட்டாவது படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும் கூப்பிட்டாள். நாக்குக் குழறியது. “அப்பு, இன்னும் எவ்வளவு நேரங்க?” என்றாள்.

“இன்னும் நாலுதான் இருக்கு, பொறுத்துக்க,” என்றேன்.

எது நாலு என்று அவள் கேட்கவில்லை.